மூடியிருந்த நேரத்தில் எழுதப்பட்டவை

மதியச் சாப்பாட்டை முடித்து, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து மேசைமுன் உட்கார்ந்து, லேப்டாப்பின் மூடிமேல் உள்ளங்கையை வைத்தபோது அது சுட்டது.

தூங்குகிற லேப்டாப் சுடக்கூடாது. முக்கால் மணி நேரத்துக்கு முன்னால் அவள்தான் அதை மூடிவிட்டுப் போனாள். மூடினால் திரை அணையும், உள்ளே சுழலும் குட்டி விசிறி ஒரு பெருமூச்சு விட்டு நிற்கும், கொஞ்ச நேரத்தில் அந்த உலோக உடம்பு தரை ஓடுபோலச் சில்லிட்டுவிடும். இதுவோ, யாரோ விடாமல் வேலை வாங்கிக்கொண்டிருந்து, சமையலறையிலிருந்து அவள் காலடி கேட்டதும் அவசரமாக மூடிவைத்ததுபோல் கொதித்துக் கிடந்தது. வெளியே மழை வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. பகல் இரண்டே காலுக்கே விளக்குப் போட வேண்டிய இருட்டு.

மூடியைத் திறந்தாள். திரை விழித்தது. மூலையிலிருந்த பூட்டுச் சின்னம் பச்சையாக எரிந்தது. அரை நொடிதான். பிறகு, 'ஐயோ, பார்த்துவிட்டாளே' என்பதுபோலச் சாம்பல் நிறமாகிச் சுழல ஆரம்பித்தது. சுழன்றது, சுழன்றது, கடைசியில் ஒரு வரியைக் காட்டிவிட்டு நின்றது: 'இந்தக் கணக்கு ஏற்கெனவே இணைப்பில் உள்ளது.'

"மூணாவது நாள்" என்று பல்லைக் கடித்தாள்.

அவள் எக்ஸ்ரே, சிடி ஸ்கேன் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர். ஆஸ்பத்திரி ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருந்தது. அதனால் வாரத்தில் நாலு நாள் வீட்டிலிருந்தே வேலை. கணவரும் மகளும் காலையில் கிளம்பிப் போனால், மூன்றாவது மாடியிலிருந்த அந்த வீடு சாயங்காலம்வரை அவளுடையது. நோயாளிகளின் படங்கள் வி.பி.என். வழியாகத்தான் வர வேண்டும். "ஆஸ்பத்திரிக்கும் உங்க வீட்டுக்கும் நடுவுல தோண்டின சுரங்கம் மாதிரி மேடம். வெளியாள் ஒரு ஈ எறும்புகூட நுழைய முடியாது" என்று முதல் நாளே விளக்கியிருந்தார் ஆஸ்பத்திரியின் கணினி உதவி மையத்துக்காரர். தலைவலி என்று சொன்னாலும் 'ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?' என்று கேட்கக்கூடிய மனிதர். அதனால் அவருக்கு 'ரீஸ்டார்ட் அண்ணன்' என்று மனதுக்குள் பெயர் வைத்திருந்தாள். நேரில் பார்த்ததில்லை.

அவளும் லேசுப்பட்டவள் அல்ல. "என் மருமக பிடிச்சா உடும்புப்பிடி" என்று மாமியார் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். அது பாராட்டா, திட்டா என்பது பதினாலு வருடமாகத் தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தாள்.

வைஃபையை அணைத்துப் போட்டாள். வி.பி.என்.னை மூடித் திறந்தாள். ரீஸ்டார்ட்டும் செய்தாள். அதே வரி. போனை எடுத்தாள்.

"ரீஸ்டார்ட் பண்ணிட்டேன் அண்ணா. அதைக் கேக்காதீங்க."

அவர் சிரித்தார். "சரி மேடம். லேப்டாப் தூங்கி எந்திரிக்கிறப்ப இது வர்றதுதான். இந்தப் பக்கம் நீங்க போயிட்டீங்க, அந்தப் பக்கம் பழைய செஷன் மட்டும் சாகாம தொங்கிட்டு இருக்கும். இருங்க, வெட்டி விடறேன்." விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது. "மேடம்... நீங்க லேப்டாப்பை எத்தனை மணிக்கு மூடினீங்க?"

"ஒன்றரை."

"ஒன்றரைலேருந்து ரெண்டே கால்வரைக்கும் செஷன் தொங்கல. வேலை பாத்திருக்கு."

"வேலைன்னா?"

"படம் திறந்திருக்கு. முந்தாநாள் நீங்க மூடியிருந்தப்ப ரெண்டு படம். நேத்து பத்தொம்பது. அதெல்லாம் வெறுமனே பாத்திருக்கு, அவ்வளவுதான். இன்னிக்கு..." அவர் தொண்டையைச் செருமினார். "இன்னிக்கு பதினோரு ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கு. உங்க பேர்ல."

"யாரோ என் பாஸ்வேர்டைத் திருடிட்டாங்க."

"நானும் அப்படித்தான் நெனச்சேன் மேடம். ஆனா வேற எங்கேருந்தும் இல்ல. உங்க வீட்டு லைன். உங்க லேப்டாப்தான்."

பழைய செஷனை அவர் வெட்டிவிட்டார். பூட்டு பச்சையானது. பதினோரு ரிப்போர்ட்களும் வரிசையாக நின்றன. முதலாவதைத் திறந்தாள். எழுத்து அவளுடையது. அவளைப் போலவே முதலில் எலும்பு, பிறகு இதயம், கடைசியில் நுரையீரல். 'காணப்படுகிறது' என்று எழுத வேண்டிய இடத்தில் 'தெரிகிறது' என்று எழுதும் அவளுடைய கெட்ட பழக்கம்கூட அப்படியே இருந்தது. கடைசி வரி மட்டும் அவளுடையது அல்ல. பதினோரு ரிப்போர்ட்களும் ஒரே மாதிரி முடிந்திருந்தன: 'எல்லாம் இயல்பு. பயப்பட ஒன்றுமில்லை.'

பயம் வந்தது, அதைவிட வேகமாகக் கோபம் வந்தது. தன் கையெழுத்துக்காக வந்த கோபம் அது. பதினாறு வருடமாக ஒரு ரிப்போர்ட்டையும் இரண்டு முறை பார்க்காமல் அவள் கையெழுத்திட்டது கிடையாது. படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். கைமுறிவு என்று சந்தேகிக்கப்பட்ட கிழவர், உண்மையில் இயல்புதான். இருமல்காரர், இயல்பு. ஏழாவது ஒரு தலை ஸ்கேன். முப்பத்திரண்டு வயதுப் பெண், மாடிப்படியில் தவறி விழுந்தவள். படங்களை மேலிருந்து கீழாக உருட்டிக்கொண்டே போனவள் நாற்பத்திரண்டாவது படத்தில் நின்றாள். இடது பக்கம், மண்டையோட்டை ஒட்டி, பிறைநிலாபோல மெல்லிய வெள்ளைப் பட்டை.

ரத்தம். மூளையை அமுக்கிக்கொண்டு நிற்கும் ரத்தம்.

உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கு ஓடிப்போய் வார்டுக்குப் போட்டாள். தலைமை நர்ஸ் எடுத்தார்.

"சிஸ்டர், படியில விழுந்த அந்தப் பொண்ணை வீட்டுக்கு அனுப்பாதீங்க."

"டிஸ்சார்ஜ் எழுதியாச்சே டாக்டர். அவங்க வீட்டுக்காரர் வண்டி கொண்டுவரப் போயிருக்கார். நார்மல்னு நீங்கதானே ரிப்போர்ட் குடுத்தீங்க?"

"நான் குடுக்கல."

"உங்க கையெழுத்து இருக்கு டாக்டர்."

"சிஸ்டர், அவளுக்குத் தலைக்குள்ள ரத்தம் கசியுது. ரிப்போர்ட்டை இப்பவே மாத்தறேன்."

"சீக்கிரம் மாத்துங்க. காயிதம் இல்லாம நான் எப்படி நிறுத்தறது? அந்தப் பொண்ணு செருப்பு மாட்டிட்டு உக்காந்திருக்கு."

திரும்பினாள். திரை கறுத்திருந்தது.

ஜன்னலில் நின்றது மூன்று நிமிடம்கூட இருக்காது. திறந்திருக்கும்போது தூங்கவே கூடாது என்று நேற்று இரவே அமைப்பை மாற்றியிருந்தாள். ஆனால் அது தூங்கியிருந்தது. திரை தூங்கியிருந்ததே தவிர, விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மெதுவாக அல்ல, பெரிய படங்களைத் திறக்கும்போது மூச்சிரைக்க ஓடுமே, அப்படி. சூடான தூசியின் வாசனையும், அதற்கு அடியில், வெகுநாள் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தால் முகத்தில் மோதுமே, அந்த வாசனையும் விசைப்பலகையின் இடுக்குகளிலிருந்து வந்தன. விசைகள் எதுவும் அசையவில்லை. அசைந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

தட்டி எழுப்பினாள். பச்சை. சாம்பல். சுழற்சி. 'இந்தக் கணக்கு ஏற்கெனவே இணைப்பில் உள்ளது.'

கூடத்துக்குப் போய் ரௌட்டரின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். அதன் விளக்குகள் ஒவ்வொன்றாகச் செத்தன. ரீஸ்டார்ட் அண்ணனைக் கூப்பிட்டாள்.

"இப்பப் பாருங்க. வீட்டுல நெட்டே இல்ல. செஷன் போயிடுச்சா?"

"இல்ல மேடம். பன்னெண்டாவது படத்தைப் பாத்துட்டு இருக்கு."

"ரௌட்டரைப் பிடுங்கிட்டேன் அண்ணா! வயர் என் கையில இருக்கு!"

"எனக்குப் புரியல மேடம்." அவர் குரலில் இப்போது சிரிப்பு இல்லை. "உங்க வீட்டு முகவரிதான் காட்டுது. எந்த வழியா வருதுன்னு காட்டல. வழி இருக்கிற கட்டம் காலியா இருக்கு. வெட்டட்டுமா?"

"ஆமா, வெட்டுங்க."

விசைச் சத்தம். "வெட்டிட்டேன்... திரும்ப வந்துடுச்சு. வெட்டறேன். வந்துடுச்சு. மேடம், நீங்க முதல்ல அந்த வீட்டை விட்டு வெளியே போங்க. எதுக்கு வம்பு?"

கதவு எட்டடியில் இருந்தது. செருப்பு அங்கேயே கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியின் நாலாவது மாடியில் இன்னொரு பெண் செருப்பு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளும் கிளம்பி, இவளும் கிளம்பிவிட்டால் இந்த அறையில் யார் மிச்சம்?

"நான் எதுக்குப் போகணும்?" என்றாள். "என் வீடு. என் மேசை. என் பேர். போறதுன்னா அது போகட்டும்."

"மேடம்—"

"வெட்டறதை நிறுத்துங்க. வெட்ட வெட்டக் களை மாதிரி முளைக்குது. அது உள்ள இருக்கட்டும். அது இருக்கறப்பவே எனக்கு இன்னொரு செஷன் திறந்து குடுங்க."

"ஒரு பேருக்கு ஒண்ணுதான் மேடம். சட்டம்."

"அந்தச் சட்டத்தை அது மதிக்குதா?"

அவர் திறந்து கொடுத்தார். போனின் இணைய இணைப்பைப் பிடித்துக்கொண்டு, அவரையும் ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டு அவள் உள்ளே நுழைந்தாள். தலை ஸ்கேனின் ரிப்போர்ட்டைத் திறந்து, அந்தப் பொய்யை அழித்துவிட்டு எழுதினாள்: 'இடது பக்கம் மண்டையோட்டுக்கு அடியில் புதிய ரத்தக்கசிவு.'

கடைசி எழுத்து மறைந்தது.

பிறகு அதற்கு முந்தையது. அவசரமில்லாமல், வலமிருந்து இடமாக, ஒருவர் துணியால் பலகையைத் துடைப்பதுபோல எழுத்துக்கள் போய்க்கொண்டிருந்தன. அவள் மறுபடி எழுதினாள். அழிந்தது. வேகமாக எழுதினாள். அதே வேகத்தில் அழிந்தது. வெற்றிடத்தில் புதிதாக எழுத்துக்கள் முளைத்தன: 'எல்லாம் இய'

"இயல்பா? உன் மூஞ்சி!" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள். கத்திய பிறகு அறை முன்னைவிட அமைதியாகிவிட்டதுபோல் இருந்தது. விசிறிகூட நின்றுவிட்டிருந்தது. யாரோ காதைத் தீட்டிக்கொண்டு கேட்பதுபோல.

மேசையில் ஓங்கி அடித்தாள்.

"அண்ணா, நீங்க எந்த மாடி?"

"ரெண்டாவது."

"வார்டு நாலாவதுல. ஓடுங்க. லிஃப்டுக்கு நிக்காதீங்க. டியூட்டி டாக்டர் யார் இருந்தாலும் கையில போனைக் குடுங்க."

அவர் கேள்வி கேட்கவில்லை. நாற்காலி உருளும் சத்தம், கதவு, படிகள். பெரிய உடம்புக்காரராக இருக்க வேண்டும். இரண்டாவது திருப்பத்திலேயே மூச்சு புஸ்புஸ்ஸென்று வந்தது. அந்த மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். திரையில் ரிப்போர்ட் எழுதி முடிந்திருந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்றது.

"டியூட்டி டாக்டர் பேசறேன்" என்றது ஓர் இளைஞனின் குரல்.

"டாக்டர், ரிப்போர்ட்டைப் படிக்காதீங்க. அது யார் எழுதினதா வேணா இருக்கட்டும். படத்தை உங்க கண்ணால பாருங்க. நாப்பத்திரெண்டு. இடது பக்கம்."

சொடுக்கும் சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று.

"கடவுளே" என்றான் அவன். பிறகு போனை விட்டு விலகி, "சிஸ்டர்! அந்தம்மாவை நடக்க விடாதீங்க! படுக்க வைங்க! ஆபரேஷன் தியேட்டருக்குச் சொல்லுங்க!" என்று கத்தினான். பல கால்கள் ஓடின. சக்கரங்கள் உருண்டன. ஒரு பெண் குழம்பிப்போய், "எனக்கு ஒண்ணும் இல்லையே, தலைவலி மட்டும்தானே?" என்று கேட்பதும் தூரத்தில் கேட்டது.

அவள் நாற்காலியில் சாய்ந்தாள். கண்ணில் நீர் வந்தது. சிரிப்பும் வந்தது.

"தோத்துட்டே" என்று திரையிடம் சொன்னாள். "இன்னும் நாலு இருக்கு. ஒவ்வொண்ணா நானே பார்ப்பேன். நீ அழி. நான் எழுதறேன். யாருக்கு முதல்ல அலுக்குதுன்னு பாத்துடலாம்."

ரிப்போர்ட் பெட்டியில் கோடு மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது. எதுவும் எழுதவில்லை. எதுவும் அழியவில்லை.

மழை ஒருவழியாக முடிவெடுத்துப் பெய்ய ஆரம்பித்தது.

பட்டியலின் மேலே புதிதாக ஒரு படம் வந்தது.

நோயாளியின் பெயர் இல்லை. எடுத்த நேரம் மூன்று பன்னிரண்டு. திரையின் ஓரத்தில் மணி பார்த்தாள். மூன்று பதின்மூன்று.

திறந்தாள். எக்ஸ்ரே. மேல் வரியிலிருந்து கீழ் வரியாக மெல்ல விரிந்தது. உட்கார்ந்திருக்கும் ஒரு உடம்பு. இடது தோள்பட்டை எலும்பில் ஒரு உலோகத் தகடு, ஆறு திருகாணிகள். கல்லூரிக் காலத்தில் அவள் வண்டியிலிருந்து விழுந்தபோது வைத்தது. நாலாவது திருகாணி கொஞ்சம் கோணல். அந்தக் கோணலை அவளுக்கு நன்றாகத் தெரியும், குளிர்காலத்தில் வலிக்கும்.

முன்னால் நீட்டிய கைகள். விரல்களுக்குக் கீழே விசைப்பலகையின் கம்பிகள்.

அவளுக்குப் பின்னால் இன்னொன்று நின்றது.

உயரமாக. குனிந்து. அவள் தோள்வழியாகத் திரையைப் பார்ப்பதுபோல. விரல்கள் அவளுடைய விரல்களின்மேல் படிந்திருந்தன. ஒவ்வொரு விரலிலும் எலும்புகளை எண்ணினாள். பழக்கம். மூன்று இருக்க வேண்டும். ஐந்து இருந்தன.

திரும்பு என்றது உடம்பு. திரும்பாதே என்றது அதைவிடப் பழையதாக ஏதோ ஒன்று.

திரும்பினாள்.

சுவர். அலமாரி. மகளின் மழைக் கோட்டு. வேறு எதுவும் இல்லை.

"இவ்வளவுதானா?" என்றாள். குரல் உடைந்தது. மறுபடி, உடையாமல் சொன்னாள்: "இவ்வளவுதானா?"

திரைக்குத் திரும்பினாள். படம் என்று ஒன்று வந்தால் ரிப்போர்ட் எழுத வேண்டும். அதுதான் அவள் வேலை. எழுதினாள். 'படத்தில் இரண்டு பேர். ஒருவர் நான். இரண்டாவது உடம்பில் விலா எலும்புகள் ஒரு பக்கம் மட்டும் தெரிகின்றன. விரல் எலும்புகள் ஐந்தைந்து. இது இயல்பு அல்ல.' கையெழுத்துப் போட்டாள்.

அழியவில்லை. அப்படியே நின்றது.

அடுத்த படம் வந்தது. மூன்று பதினேழு.

அவள் மட்டும். பின்னால் யாரும் இல்லை. தகடு, திருகாணிகள், கழுத்தெலும்பு. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள், படத்திலும் பற்கள் மேலும் கீழுமாக இறுகியிருந்தன. அவற்றுக்குப் பின்னால், தொண்டைக்குச் சற்று முன்னால், இன்னொரு வரிசைப் பற்கள்.

அவை திறந்திருந்தன.

போன் கரகரத்தது. ரீஸ்டார்ட் அண்ணன் தன் இடத்துக்குத் திரும்பியிருந்தார். இன்னும் மூச்சு வாங்கியது.

"மேடம், அந்தப் பொண்ணைத் தியேட்டருக்குள்ள கொண்டுபோயிட்டாங்க. பொழச்சுக்கும்னு சொல்றாங்க. நல்ல வேளை, நீங்க விடல." விசை தட்டினார். "இந்த ரெண்டு செஷன்ல ஒண்ணை இப்பவே வெட்டியாகணும் மேடம். மேலேருந்து கேக்கறாங்க. எதை வெட்டட்டும்? பழசா, புதுசா?"

அவள் உதடுகள் ஒட்டியிருந்தன. பற்கள் இறுகியிருந்தன. நாக்கு அசையவில்லை.

"புதுசை வெட்டிடுங்க அண்ணா" என்றது அவள் குரல்.

இடது கையால் வாயைப் பொத்தினாள். வலது கை விசைகளைத் தேடியது. 'நான் இல்லை' என்று தட்டினாள். 'அது நான் இல்லை.' ரிப்போர்ட் பெட்டியில் எழுத்துக்கள் பெரிதாக நின்றன. அதை அவர் பார்க்கவே போவதில்லை. மேசையின் அந்தக் கோடியில் கிடந்த போனைப் பிடுங்கி எறிய எழப் பார்த்தாள். கால்கள் எழவில்லை.

"சரி மேடம். ஒரு வழக்கத்துக்காகக் கேக்கறேன், நீங்கதானான்னு உறுதி பண்ணிக்கணும். உங்க முழுப் பேரும் பணி எண்ணும் சொல்லுங்க."

வலது கையையும் எடுத்து இடது கையின்மேல் வைத்து அழுத்தினாள். உதடு பல்லில் குத்தி ரத்தம் கசிந்தது. விடவில்லை. உடும்புபோலப் பிடித்தாள். மூக்கால் மட்டும் மூச்சு விட்டாள்.

இரண்டு உள்ளங்கைகளுக்குக் கீழே, இறுகிய பற்களுக்குப் பின்னால், தெளிவாக, பொறுமையாக, அவள் குரல் அவள் பெயரைச் சொன்னது. பிறகு எண்ணை, ஒவ்வொரு இலக்கமாக, அவர் எழுதிக்கொள்ள நேரம் விட்டுவிட்டுச் சொல்லத் தொடங்கியது.